குஞ்சு விடுமுன் குளத்து நீரைப் பாருங்கள்

ஆரல்வாய்மொழிக்கு அருகே மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது பொய்கை அணை. இதன் முழு நீர்மட்டம் 42.65 அடி. கோதையாற்றின் குறுக்கே 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் 48 அடியோடு ஒப்பிட்டால் மட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. மலையில் பெய்யும் மழையை நம்பி நிற்கும் அணை இது. மழை பிடித்த ஆண்டில் கும்பப்பூ வயல்களுக்குக் கைகொடுக்கும். மழை பொய்த்த ஆண்டில் தரையில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

இத்தகைய அணையிலும், அதன் கீழுள்ள குளங்களிலும் மீன் வளர்ப்பது நெல் விளைவிப்பதைப் போன்றதுதான். நிலத்தைப் பார்க்காமல் விதைப்பவர் எவரும் இல்லை. ஆனால் குளத்தைக் குத்தகைக்கு எடுக்கும் பலர், தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் குஞ்சுகளை வாங்கி விட்டுவிடுகின்றனர். ஆறு மாதம் கழித்து வலை போட்டால், விட்ட குஞ்சுகளில் பாதி இருக்காது. இருப்பவையும் தலை பெருத்து உடல் மெலிந்து கிடக்கும். குஞ்சு சரியில்லை என்று பண்ணையைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் பிழை தண்ணீரில் இருக்கும். அதைவிட, தண்ணீரைப் பார்க்காததில் இருக்கும்.

குடிக்கிற தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். மீன் வளர்கிற தண்ணீர் அப்படி இருக்கக்கூடாது. அடித்தரை தெரியும்படி பளிங்கு போலக் கிடக்கும் குளத்தில் மீனுக்கு உணவு இல்லை என்றே பொருள்.

மிதவை உயிரிகள்

மீனின் உணவு தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலுவில்லாமல் நீர் போகிற போக்கில் போகும் இச்சிற்றுயிர்களைப் பிளாங்டன் என்பர். தமிழில் மிதவை உயிரிகள் எனலாம். இவற்றில் தாவர வகையும் உண்டு, விலங்கு வகையும் உண்டு. தாவர வகை என்பது பச்சைப் பாசி, டயட்டம், நீலப்பச்சைப் பாசி போன்ற நுண்பாசிகள். வெயிலையும் நீரில் கரைந்த உரச்சத்தையும் கொண்டு இவை பெருகுகின்றன. நீருக்கு நிறம் கொடுப்பவை இவையே. இவற்றைத் தின்று வாழ்பவை விலங்கு வகை. ரோட்டிபர் எனப்படும் சக்கர உயிரி, டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு, சைக்ளாப்ஸ் ஆகியவை இதில் முக்கியமானவை.

சைக்ளாப்ஸ் என்றதும் வயதானவர்களுக்கு நரம்புச்சிலந்தி நோய் நினைவுக்கு வரலாம். படிக்கிணற்று நீரோடு இப்பூச்சியைக் குடித்தவர்களுக்கே அந்நோய் வந்தது. இந்தியா 2000-ஆம் ஆண்டில் அந்நோய் நீங்கிய நாடாகச் சான்று பெற்றுவிட்டது. மனிதனுக்கு அத்தனை தொல்லை கொடுத்த அதே பூச்சி மீன் குஞ்சுக்கு நல்ல இரை.

கட்லா மீன் மேல்மட்ட நீரில் விலங்கு மிதவை உயிரிகளை வடித்துத் தின்கிறது. ரோகு நடுமட்டத்தில் மேய்கிறது. மிர்கால் அடியில் மக்கியவற்றைத் தேடுகிறது. வெள்ளிக் கெண்டைக்குத் தாவர மிதவை உயிரிகளே பிரதான உணவு. வளர்ந்தபின் எதைத் தின்றாலும், முட்டையிலிருந்து வெளிவந்து கருப்பை உணவு தீர்ந்த முதல் சில நாட்களில் அநேகமாக எல்லா மீன் குஞ்சுகளும் சக்கர உயிரி, நீர்த்தெள்ளு போன்றவற்றை நம்பியே உயிர் பிழைக்கின்றன. நம் ஊர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும் விராலுக்கும் இது பொருந்தும். இவற்றை யாரும் குஞ்சு வாங்கி விடுவதில்லை. புதுவெள்ளத்தில் தாமே முட்டையிட்டுப் பெருகுகின்றன. அந்தச் சில நாட்களில் தண்ணீரில் இரை இல்லையெனில், அவ்வாண்டு அம்மீன்களின் புதுத் தலைமுறை இல்லை.

மலை நீரும் மாட்டுச் சாணமும்

பாறை மலையிலிருந்து நேரே இறங்கும் நீரில் சுண்ணாம்பும் மற்ற தாதுச் சத்துகளும் குறைவாகவே இருக்கும். இதனால் மலையடிவார அணைகளில் மிதவை உயிரிகள் இயல்பாகவே குறைவு. சமவெளிக் குளங்களில், வயல்களின் வடிநீரும் கால்நடைகளின் சாணமும் சேர்வதால் நீர் கொழுமையாக இருக்கும்.

கோடையில் நீர் வற்றி வெளிப்படும் அணைத் தரையில் புல் முளைக்கும். ஆடு மாடுகள் மேய்ந்து சாணமும் புழுக்கையும் போடும். மழை வந்து அத்தரை மீண்டும் மூழ்கும்போது புல் அழுகி, சாணம் கரைந்து, இரண்டு மூன்று வாரங்களில் நீர் நிறம் மாறும். ஆண்டு முழுவதிலும் மிதவை உயிரிகள் அதிகமாகத் தோன்றும் காலங்களில் இது ஒன்று. குஞ்சு விட ஏற்ற சமயமும் இதுவே. வெள்ளம் பாயும்போதே விட்டால் மறுகால் வழியாகப் பாதி ஓடிவிடும். வெகுநாள் கழித்து விட்டால் இரை தீர்ந்திருக்கும்.

காற்றின் வேலை

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை இங்கு யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுற்றுவட்டாரக் குளங்களையும் கலக்குகிறது. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. காற்று நீரைப் புரட்டுவதால் பிராணவாயு அடிவரை கலக்கிறது. அசையாமல் கிடக்கும் நீரில் அடிமட்டத்தில் பிராணவாயு இல்லாமற்போவது போல இங்கு எளிதில் நேராது. ஆனால் நீர் குறைந்த குளத்தில் காற்று சேற்றைக் கிளப்பிவிடும். சேற்று நீரில் வெயில் புகாது. வெயில் புகாவிடில் பாசி வளராது.

நீரைச் சோதிப்பவர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மேல்காற்று வீசும் நாட்களில் மிதக்கும் பாசியெல்லாம் குளத்தின் கிழக்குக் கரையில் ஒதுங்கும். அங்கு நின்று பார்ப்பவர் குளம் முழுவதும் பச்சை என்று நினைப்பார். மேற்குக் கரையில் நிற்பவர் ஒன்றுமே இல்லை என்பார். ஆகவே ஒரே கரையில் மொண்ட நீரைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. இரண்டு கரைகளின் ஓரத்திலும், நடுவிலும், மடைக்கு அருகிலும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

தகட்டுச் சோதனை

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தகரத்தை நான்கு பாகமாக்கி, எதிரெதிர்ப் பாகங்களுக்கு வெள்ளையும் கறுப்பும் பூசி, நடுவில் துளையிட்டுக் கயிறு கட்டி, அடியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. இத்தாலியப் பாதிரியாரும் வானியல் அறிஞருமான செக்கி என்பவர் 1865-ல் கடல்நீரின் தெளிவை அளக்க இம்முறையைக் கையாண்டார். இன்றும் உலகெங்கும் ஏரி ஆராய்ச்சியாளர்கள் முதலில் கையில் எடுப்பது இத்தகட்டையே.

முற்பகல் 10 மணிக்கு மேல், வெயில் நன்றாக இருக்கும்போது, நிழல் விழும் பக்கத்தில் தகட்டை மெதுவாக இறக்கவேண்டும். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கவேண்டும். பிறகு தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளவேண்டும். மீன் வளர்க்கும் குளத்தில் இது 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருந்தால் நல்லது. 60-க்கு மேல் போனால் இரை போதாது. 20-க்குக் கீழே இருந்து, நிறமும் பச்சையாக இருந்தால் பாசி அளவுமீறிவிட்டது. அணைகளில் நீர் இதைவிடத் தெளிவாக இருப்பது இயல்பு. எனவே அணையில் விடும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் குளத்தைவிடக் குறைவாகவே இருக்கவேண்டும்.

தகடு மறைவது பாசியாலா, சேற்றாலா என்ற சந்தேகம் வரும். ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்நீரை நிரப்பி இரவு முழுவதும் அசைக்காமல் வைத்தால் விடை கிடைக்கும். சேறானால் அடியில் படிந்து மேல்நீர் தெளியும். மிக நுண்ணிய களிமண் படிய இரண்டொரு நாள் ஆகலாம். பாசியானால் பச்சை நிறம் போகாது. அதே புட்டியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், துள்ளித் துள்ளி நகரும் வெண்புள்ளிகள் தெரியும். அவை நீர்த்தெள்ளும் சைக்ளாப்சும்.

இன்னும் சரியாக அறியவேண்டுமானால் மிதவை உயிரி வலை வேண்டும். மாவு சலிக்கப் பயன்படும் மிக நுண்ணிய பட்டுத் துணியால் கூம்பு வடிவில் தைத்த வலை அது. 50 லிட்டர் நீரை நாலைந்து இடங்களில் மொண்டு அவ்வலை வழியே ஊற்றி, அடியில் தங்கியதைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வைத்தால் சிறிது நேரத்தில் படியும். குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்தில் இப்படிவு 1 முதல் 2 மில்லிலிட்டர் இருந்தால் நல்லது என்பது மீன்பண்ணைகளில் கையாளப்படும் கணக்கு. படிவு வெளிர் பழுப்பாக இருந்தால் விலங்கு வகை மிகுதி; பச்சையாக இருந்தால் தாவர வகை மிகுதி. குஞ்சுகளுக்கு ஏற்றது பழுப்பு.

பச்சைச் சாயம் பூசியது போன்ற நீர்

தாவர வகையிலும் எல்லாம் நல்லவை எனச் சொல்வதற்கில்லை. தேயிலை நிறத்தில் இருக்கும் நீரில் பெரும்பாலும் டயட்டங்கள் இருக்கும். இளம்பச்சை நீரில் பச்சைப் பாசிகள். இரண்டும் மீனுக்கு உகந்தவை. பச்சைச் சாயத்தைக் கொட்டியது போலக் கெட்டியாகத் திரண்டு, கரையோரம் ஆடையாகப் படர்ந்து, நாற்றமும் அடித்தால் அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் முதலிய நீலப்பச்சைப் பாசியாக இருக்கும். அதை நீர்த்தெள்ளுகள் நன்றாகத் தின்பதில்லை. அதன் சில வகைகள் நஞ்சையும் உண்டாக்கும். அந்நீரை ஆடு மாடுகளுக்குக் காட்டக்கூடாது. சாக்கடையும், வயல்களில் தேவைக்கு மேல் இட்ட உரமும் வந்து சேரும் குளங்களில் இது அதிகம்.

பாசி பகலில் பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் மீனைப் போலவே தானும் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. எனவே பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் பிராணவாயு நிறைந்தும், விடியற்காலையில் மிகக் குறைந்தும் இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீன் நன்றாக வளரும். 3-க்குக் கீழே போனால் தீனி எடுக்காது. அதற்கும் குறைந்தால் விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். காற்று நின்று, வானம் மூடி, மழையும் பெய்யாமல் இரண்டு மூன்று நாள் புழுங்கினால் இந்த ஆபத்து உண்டு. அந்நாட்களில் சாணமோ உரமோ போடுவதை நிறுத்தி, புதுநீர் விடவேண்டும். முடியாவிடில் பம்பு செட்டால் குளத்து நீரையே எடுத்துக் குளத்திலேயே பீச்சி விடலாம்.

இதில் ஏமாந்துபோகும் இடம் ஒன்றுண்டு. விராலும் குறவையும் பனையேறி கெண்டையும் வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்லவை. நீரில் பிராணவாயு தீர்ந்தாலும் இவை பிழைத்துக் கிடக்கும். “விரால் துள்ளுகிறதே, தண்ணீருக்கு என்ன குறை?” என்று கேட்பது தவறு. மலையோடைகளில் வாழும் சிறு கெண்டைகளும், கட்லா போன்ற வளர்ப்பு மீன்களும்தான் நீரின் நிலையைச் சரியாகக் காட்டும்.

பூந்தோட்ட மருந்து

தோவாளை வட்டாரத்தில் பிச்சியும் மல்லிகையும் பயிரிடுவோர் ஏராளம். மொட்டுப் புழுவுக்கு அடிக்கடி மருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. எண்டோசல்பான் 2011-ல் தடை செய்யப்பட்டது. பின்னர் பரவலாகப் புழங்கும் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் ஆடு மாடுகளை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்ற நம்பிக்கை விவசாயிகளிடம் இருக்கிறது. ஆனால் மீனுக்கும், அதைவிட நீர்த்தெள்ளுக்கும், இவை மிகக் கொடியவை. தெளிப்பானைக் குளத்தில் முக்கிக் கழுவும் வழக்கம் ஒன்றே ஒரு சிறு குளத்தின் விலங்கு மிதவை உயிரிகளை அழிக்கப் போதுமானது. மீன் உடனே சாகாததால் யாருக்கும் தெரிவதில்லை. நீர் பச்சையாக இருக்கிறது, ஆனால் புட்டியில் துள்ளும் புள்ளி ஒன்றுகூட இல்லை என்றால் இந்தச் சந்தேகம் வரவேண்டும். பாசியை மேய்பவை செத்துப்போனதால்தான் பாசி திரண்டிருக்கும். தெளிப்பானைக் கழுவிய நீரைத் தோட்டத்திலேயே ஒரு குழியில் ஊற்றுவதில் செலவு ஏதுமில்லை.

எத்தனை குஞ்சு, எந்த அளவு

பொள்ளாச்சிப் பகுதியிலுள்ள ஆழியாறு அணையில் 1980-களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒரு முறையைச் செய்து காட்டியது. அதுவரை சிறு குஞ்சுகளை ஏராளமாக விட்டு வந்தனர். ஹெக்டேருக்குக் கிடைத்தது 27 கிலோ அளவுதான். நீரின் வளத்தை மதிப்பிட்டு, அதற்கேற்ற எண்ணிக்கையில், 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட விரலளவுக் குஞ்சுகளை மட்டும் விட்டு, சிறு மீன்கள் சிக்காதபடி வலைக் கண்ணையும் கட்டுப்படுத்தியபின் அது 194 கிலோவாயிற்று. எண்ணிக்கையைக் கூட்டியதால் வந்த விளைச்சல் அன்று அது.

குளத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். உதாரணமாக 10 ஹெக்டேர் குளம் ஒன்றின் நீர் ஹெக்டேருக்கு 150 கிலோ தாங்கும் என மதிப்பிட்டால் மொத்தம் 1,500 கிலோ. பிடிக்கும்போது ஒரு மீன் அரைக் கிலோ இருக்கவேண்டுமானால் 3,000 மீன்கள் தேவை. விட்டதில் பாதி பிழைக்கும் என்று கொண்டால் 6,000 குஞ்சுகள் போதும். இதற்கு மேல் விடும் ஒவ்வொரு குஞ்சும் மற்றவற்றின் இரையைப் பங்கு போடும். குளத்திலேயே பிறந்த நாட்டு மீன்களின் பங்கும் இதில் போய்விடும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் மீன் இனங்களில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஓர் அணையில் அவை அற்றுப்போனால் குஞ்சுப் பண்ணையில் வாங்கி விட முடியாது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை தமிழ்நாட்டு அணைகள் பலவற்றில் தானே பெருகி மற்ற மீன்களை ஒதுக்கிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதை அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. அது கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும். குளத்திலிருந்து தப்பி, மறுகால் வழியே அடுத்த குளத்துக்கும் போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் கொண்டுவந்தால் குளத்துக்காரர்கள் அனுமதிக்கக்கூடாது.

அணையில் கடைசிச் சில அடித் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி கோடைதோறும் எழும். பயிர் கருகும்போது மீனுக்காகத் தண்ணீர் விடமாட்டோம் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது, சொல்லவும் முடியாது. ஆனால் பள்ளமான ஒரு பகுதியில் நீர் நின்றாலே போதும், தாய் மீன்கள் பிழைத்து அடுத்த வெள்ளத்தில் முட்டையிடும். அப்பள்ளத்தை இறைத்து மீன் பிடிப்பதால் கிடைக்கும் சில கூடை மீன் அடுத்த ஆண்டு மீனின் விதை. புதுவெள்ளத்தில் சினையோடு எதிரேறும் மீனை மடைவாயில் கூடு வைத்துப் பிடிப்பதும் அப்படிப்பட்டதே. வெடி வைத்தோ, நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம்.

நீர் மாதிரி எடுக்கும் முறை

தகட்டையும் புட்டியையும் கொண்டு விவசாயிகள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். பிராணவாயு, கார அமிலநிலை, காரத்தன்மை ஆகியவற்றைச் சோதனைச் சாலையில்தான் அறியமுடியும். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ, திருப்பதிசாரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ இதற்கு வழி கேட்டறியலாம். கார அமிலநிலை 6.5 முதல் 8.5 வரை இருக்கவேண்டும். குறைந்திருந்தால் அலுவலர் கூறும் அளவில் சுண்ணாம்பு இடலாம்.

மாதிரிக்கு இரண்டு புட்டிகள் தேவை. சோப்புப் போடாமல், குளத்து நீராலேயே மூன்று முறை அலசவேண்டும். ஒரு முழ ஆழத்தில் புட்டியை மூழ்கடித்து, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, நீருக்குள்ளேயே மூடவேண்டும். ஒன்று சூரியன் உதிக்குமுன் எடுத்தது, மற்றொன்று பிற்பகல் 3 மணிக்கு எடுத்தது. பிராணவாயு அளக்கவேண்டுமானால் அதற்கான மருந்தை எடுத்த இடத்திலேயே சேர்க்கவேண்டும். எனவே அப்புட்டியையும் மருந்தையும் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு வாங்கிச் செல்லவேண்டும். புட்டியின் மேல் குளத்தின் பெயர், எடுத்த இடம், நேரம், அன்று காற்று எப்பக்கமிருந்து வீசியது, கடைசியாக மழை பெய்த நாள், தகடு மறைந்த ஆழம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, வெயில் படாமல் ஈரச் சாக்கில் சுற்றி அன்றே சேர்ப்பித்துவிடவேண்டும்.